மெர்ஸ்: பெயர் வந்த வழியும் தமிழ்ப் பெயரும்

'மிடில் ஈஸ்ட் ரெஸ்பிரேட்டரி சிண்ட்ரோம்' என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கமே மெர்ஸ் என்ற மூச்சுநோயின் பெயர். 2012 ஜூனில் சவூதி அரேபியாவின் ஜித்தாவில், கடும் நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வந்த 60 வயதுக்காரர் ஒருவரின் சளியில், அதுவரை யாரும் அறியாத கொரோனா வைரஸ் ஒன்றை எகிப்திய நுண்ணுயிரியலாளர் அலி முகமது ஜாக்கி கண்டறிந்தார். மாதிரி நெதர்லாந்தின் எராஸ்மஸ் மருத்துவ மையத்துக்குப் போனதால், முதலில் அந்த மையத்தின் பெயரே வைரஸுக்கு ஒட்டிக்கொண்டது. 2013 மே மாதம்தான் மெர்ஸ் ஆனது. ஊர்ப்பெயரை நோய்க்குச் சூட்ட வேண்டாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியபோது, தவிர்க்க வேண்டியதற்கு இந்தப் பெயரையும் எடுத்துக்காட்டியது.

'சிண்ட்ரோம்' கிரேக்கச் சொல். 'சின்' என்றால் ஒன்றுசேர்ந்து, 'ட்ரோமோஸ்' என்றால் ஓட்டம். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் எல்லாம் சேர்ந்து ஓடி வருவதைச் சொல்கிறது. இந்த வைரஸை மனிதருக்குத் தரும் ஒற்றைத் திமில் ஒட்டகத்தை ஆங்கிலத்தில் 'ட்ரோமெடரி' என்பார்கள். அதுவும் அதே ஓட்ட வேரில் பிறந்த சொல்தான்!

சரி, தமிழில்? 'மத்திய கிழக்கு சுவாச நோய்க்குறி' என்று எழுதுகிறோம். நோய்க்குறி என்பது ஒற்றை அறிகுறியையும் குறிக்கும். சேர்ந்து வருவது என்ற பொருள் அதில் விட்டுப்போகிறது. மத்திய கிழக்கு என்பதோ ஐரோப்பாவில் நின்று பார்த்தவர்கள் வைத்த திசை. நமக்கு அது மேற்கு. எனவே 'மேற்காசிய மூச்சுநோய்க்குறித் தொகுப்பு' என்பதே பொருந்தும். ஒருமுறை இப்படி விரித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் மெர்ஸ் என்றே எழுதலாம்.

'ஒட்டகக் காய்ச்சல்' என்ற பெயரை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஒட்டகத்தைத் தொடாதவருக்கு வராது என்ற தவறான தைரியத்தை அது தரும். 2015இல் வளைகுடா சென்று திரும்பிய ஒரே பயணியிடமிருந்து தென் கொரியாவின் மருத்துவமனைகளில் மெர்ஸ் பரவி, அவரையும் சேர்த்து 186 பேரைப் பிடித்தது. 38 பேர் இறந்தார்கள். அந்தப் பயணியைத் தவிர மற்றவர்களுக்குத் தொற்றியது மனிதரிடமிருந்துதான்.

வைரஸ் உள்ள ஒட்டகத்துக்கு வெறும் மூக்கொழுகல் இருக்கலாம், அதுவும் இல்லாமலும் இருக்கலாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களும் மெக்காவுக்கு உம்ரா புனிதப் பயணம் போகிறவர்களும் காய்ச்சாத ஒட்டகப் பாலைக் குடிக்க வேண்டாம். திரும்பி வந்த 14 நாளுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், போய்வந்த நாட்டை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.