‘சைட்டேஷன்’: மேற்கோள் அன்று, தீர்ப்புச் சுட்டு

சட்ட மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில், ‘இவ்வழக்கின் மேற்கோளைக் கண்டுபிடித்து எழுதுக’ என்ற வினாவுக்கு, மாணவர்களில் பலர் தீர்ப்பிலிருந்து நல்ல வாசகம் ஒன்றைத் தேடி எடுத்து எழுதியிருந்தனர். பிழை அவர்களுடையது அன்று. வினா எழுதியவர் கேட்க நினைத்தது ‘சைட்டேஷன்’.

இலத்தீனில் ‘சிட்டாரே’ என்றால் அழைத்தல். ஆங்கிலத்தில் முதலில் நீதிமன்ற அழைப்பாணையைக் குறித்த இச்சொல், பின்னர் ஒரு நூலையோ தீர்ப்பையோ துணைக்கு அழைப்பதையும், அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறியையும் குறிக்கலாயிற்று.

தமிழில் ‘மேற்கோள்’ என்பது பிறர் கூற்றை எடுத்தாள்வது. வழக்கறிஞர் ஒரு முன்தீர்ப்பின் பத்தியைப் படித்துக் காட்டினால் அது மேற்கோள்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேசவானந்த பாரதி வழக்குக்கு ‘ஏஐஆர் 1973 எஸ்சி 1461’ என்று எழுதும்போது யாருடைய கூற்றை எடுத்தாள்கிறோம்? ‘ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்’ (ஏஐஆர்) என்ற தீர்ப்புத் திரட்டில் அந்த ஆண்டுத் தொகுதியின் உச்ச நீதிமன்றப் (எஸ்சி) பகுதியில் 1461ஆம் பக்கத்தைத் திற என்கிறோம், அவ்வளவே. அதே தீர்ப்பு ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ (எஸ்சிசி) என்ற மற்றொரு திரட்டில் ‘(1973) 4 எஸ்சிசி 225’ என்ற குறியிலும் கிடைக்கிறது. தீர்ப்பு ஒன்று, அது கிடைக்கும் இடங்கள் இரண்டு. இடத்தைக் காட்டுவதற்குத் தமிழில் ‘சுட்டு’ என்ற சொல் இலக்கணக் காலந்தொட்டு இருக்கிறது. ஆகவே ‘தீர்ப்புச் சுட்டு’ என்பதே பொருந்தும்.

‘நியூட்ரல் சைட்டேஷன்’ என்பதற்கு ‘நடுநிலை மேற்கோள்’ என்ற ஆக்கம் இதைவிடத் தவறானது. இங்கிலாந்தில் 2001இலும், நம் உச்ச நீதிமன்றத்தில் 2023இலும் நடைமுறைக்கு வந்த இம்முறையில், எந்தப் பதிப்பகத்தின் தொகுதியையும் சாராமல் ஆண்டு, நீதிமன்றம், வரிசை எண் ஆகியவற்றைக் கொண்டு நீதிமன்றமே குறியிடுகிறது: ‘2023 ஐஎன்எஸ்சி 1’ என்பது போல. நடுநிலை என்பது நீதிபதிக்கு வேண்டிய பண்பு. ஓர் எண்ணுக்கு அதை ஏற்றினால், மற்றக் குறிகளெல்லாம் ஒருதலையானவை என்றாகிவிடும். எல்லோருக்கும் பொதுவானது என்பதே கருத்தாகையால் ‘பொதுச் சுட்டு’ என்று சொன்னால் போதும்.

பிறநாட்டு வழக்குகளைத் தேடுவோருக்கு இந்தத் தெளிவு இன்னும் இன்றியமையாதது. ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 1958இல் அளித்த லூத் தீர்ப்பை, அந்நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டின் 7ஆம் தொகுதி, 198ஆம் பக்கம் என்றே சுட்டுகிறார்கள். கட்சிக்காரர் பெயர் அந்தச் சுட்டின் உறுப்பே அன்று. பிரான்சில் அறமன்றப் பிரிவு, தேதி, மேல்முறையீட்டு எண் ஆகியவை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈசிஎல்ஐ என்னும் தீர்ப்பு அடையாளக் குறி முறையோ நாடு, நீதிமன்றம், ஆண்டு முதலியவற்றை முக்காற்புள்ளியிட்டு அடுக்குகிறது. இவற்றையெல்லாம் மேற்கோள் என்றால், தேடுபவர் எதைத் தேடுவார்?

சுட்டை மேற்கோளாகக் கருதும் மொழிபெயர்ப்பாளர்கள் அதன் உறுப்புகளையும் மதிப்பதில்லை. டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கின் ‘[1932] ஏசி 562’ என்ற சுட்டில் (ஏசி என்பது ‘அப்பீல் கேசஸ்’ என்ற ஆங்கிலத் தீர்ப்புத் திரட்டு) உள்ள சதுர அடைப்பு, ஆண்டைக் கொண்டே தொகுதியைத் தேட வேண்டும் என்பதற்கான அடையாளம். ஆண்டின்றித் தொகுதி எண்ணாலேயே தேட முடிந்தால் வளைந்த அடைப்பு இடுவது ஆங்கிலேயர் வழக்கம். அண்மையில் நான் படித்த ஒரு மொழிபெயர்ப்பில், அழகு கருதிப் போலும், எல்லா அடைப்புகளையும் வளைத்திருந்தார்கள்.