பிஸ்கட் பாக்கெட்டின் கலோரி எங்கிருந்து வருகிறது?

கல்லூரிகள் இணையவழியில் நடத்தும் அடிப்படை ஊட்டச்சத்துப் பாடம் எதில் சேர்ந்தாலும் இரண்டு விஷயங்கள் தப்பாது. ஒன்று, சில நாள்கள் சாப்பிட்டதையெல்லாம் குறித்துவைத்து, ஒரு செயலியில் ஏற்றி, மொத்தக் கலோரியைக் காட்டச் சொல்லும் வீட்டுப்பாடம். இன்னொன்று, மனப்பாடம் செய்ய மூன்று எண்கள்: ஒரு கிராம் புரதத்துக்கு 4 கிலோகலோரி, ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. காணொளியில் ஆசிரியர் இதை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். தேர்வில் கேட்டால் பெருக்கிக் கூட்டினால் போதும், மதிப்பெண் வந்துவிடும்.

அந்த அரை நிமிடத்தில் நழுவிப்போவதுதான் இந்தப் பாடத்தின் சுவையான பகுதி என்பது என் எண்ணம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம், மாவுச்சத்து 75, கொழுப்பு 14, ஆற்றல் 454 கிலோகலோரி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 28, 300, 126. கூட்டல் சரியாக வருகிறது. 453 இல்லை, 455 இல்லை, 454தான் என்று அடித்துச் சொல்கிறது அட்டை. ஆனால் அந்த பிஸ்கட்டில் எவ்வளவு ஆற்றல் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. அது ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்கில் போட்ட புரதமும் மாவுச்சத்தும்கூடப் பெரும்பாலும் நேரடியாக அளந்தவை இல்லை.

உணவை ஆய்வகத்துக்கு அனுப்பினால் நடப்பது இதுதான். முதலில் பொடித்து, சுமார் 105 டிகிரி சூட்டில் உலர்த்துவார்கள். குறைந்த எடைதான் ஈரம். உலர்ந்த பொடியைக் கொழுப்பைக் கரைக்கும் திரவத்தில் திரும்பத் திரும்ப ஊறவிட்டு, வடிந்து வருவதைக் கொழுப்பு என்று எழுதிக்கொள்வார்கள். அதற்கான கண்ணாடிக் கருவியை ஃபிரான்ஸ் ஃபொன் சாக்ஸ்லெட் 1879-ல் விவரித்தார், இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இன்னொரு பங்கைச் சுமார் 550 டிகிரி உலையில் எரித்து மிஞ்சும் சாம்பலை நிறுத்தால் தாது உப்புகளின் கணக்கு. புரதத்துக்குத் தனி வழி, அதற்கு வருகிறேன். கடைசியில் நூறிலிருந்து இவை எல்லாவற்றையும் கழித்தால் மீதி என்னவோ அதுதான் மாவுச்சத்து. மற்ற அளவுகளில் நேர்ந்த பிழைகள் எல்லாம் வந்து குவிவது இந்த ‘மீதி’யின் தலையில்தான். நார்ச்சத்தும் அதற்குள்ளேதான் கிடக்கும். தனியாக அளந்து பிரித்தால்தான் தெரியும். இந்த முறைக்கு அடித்தளம் போட்டது 1860-களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் அருகே வேண்டே என்ற ஊரில் இருந்த ஆய்வு நிலையம். ஹென்னபெர்க், ஸ்டோமான் ஆகிய இருவரும் அதை வகுத்தது மாட்டுத் தீவனத்தை எடைபோட!

புரதத்தின் கதை இன்னும் வேடிக்கை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோகான் ஜெல்டால் 1883-ல் ஒரு வழி சொன்னார். தானியத்தை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறும். காரம் சேர்த்து அம்மோனியாவாக வடித்தெடுத்து அளந்துவிடலாம். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது, புரதத்தில் உண்டு. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருப்பதாகக் கொண்டால், நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். அந்தச் சராசரி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அரிசிக்கு 5.95, பாலுக்கு 6.38 என்று தனித்தனிப் பெருக்கு எண்கள் உண்டு. 100 கிராம் அரிசியில் 1.2 கிராம் நைட்ரஜன் இருந்தால், பொது எண்ணால் பெருக்கும்போது புரதம் 7.5 கிராம், அரிசிக்கான எண்ணால் பெருக்கினால் 7.1. அரிசி அப்படியேதான் இருக்கிறது.

இதில் விபரீதமும் நேர்ந்தது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதில் ஒரு கிராமைப் பாலில் கலந்தால் சோதனைக்கு அது நான்கு கிராமுக்கு மேல் புரதமாகத் தெரியும். 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலைச் சத்துள்ளதாகக் காட்ட இதையே செய்தார்கள். சிறுநீரகத்தில் கல் அடைத்து ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன.

சரி, கிராம் கணக்கு கையில் வந்தாயிற்று. 4-4-9 எங்கிருந்து வந்தது? உணவின் ஆற்றலை அளக்க நேர்வழி, எரிப்பதுதான். தடித்த எஃகுக் கலத்தில் உலர்ந்த உணவைச் சிறிதளவு வைத்து, அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்பி மூடி, தண்ணீருக்குள் இறக்கி, மின்கம்பியால் பற்றவைப்பார்கள். ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்துகிற வெப்பம் ஒரு கிலோகலோரி. நாம் பேச்சு வழக்கில் ‘கலோரி’ என்று சொல்வதும் இதைத்தான். இந்த பாம் கலோரிமீட்டரில் எரித்தால் ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9.4 கிலோகலோரி தரும், மாவுச்சத்து 4.15, புரதம் 5.65. கொழுப்புக்கு ஏன் இரண்டு மடங்குக்கு மேல்? மாவுச்சத்து மூலக்கூறில் ஏற்கெனவே நிறைய ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதாவது அது பாதி எரிந்த விறகு. கொழுப்பில் கார்பனும் ஹைட்ரஜனுமே பெரும்பங்கு. எரிய வேண்டியது அப்படியே மிச்சம் இருக்கிறது.

பாக்கெட் கணக்கில் புரதத்துக்குப் போடும் 4-க்கும் கலோரிமீட்டரின் 5.65-க்கும் இடையில் ஒரு மனித உடம்பு இருக்கிறது. அந்த இடைவெளியை அளந்தவர்களில் முக்கியமானவர் வில்பர் அட்வாட்டர் (1844–1907). அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். ஜெர்மனியில் ஃபொய்ட் என்ற உடலியல் அறிஞரிடம் போய்ப் பழகிவிட்டு வந்து, 1890-களில் எட்வர்ட் ரோசா என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, ஆளை உள்ளே வைத்து அளக்கும் ஒரு கலோரிமீட்டரையே கட்டினார். ஏழடி நீளம், நாலடி அகலம், உள்சுவர் செம்பு. மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை. சாப்பாடு ஒரு சிறு இரட்டைக் கதவுத் துவாரம் வழியாகப் போகும், கழிவும் அவ்வழியே வெளியே வரும். பல நாள்கள் ஒருவர் உள்ளேயே இருப்பார். சில சோதனைகளில் நிலையாக நிறுத்திய சைக்கிளையும் மிதிப்பார். குழாயில் ஓடும் குளிர்ந்த நீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். அதன் வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்பதே அளவு. மூச்சுக்காற்றும் அளக்கப்பட்டது. உணவிலும் மலத்திலும் சிறுநீரிலும் மாதிரி எடுத்து எரித்துப் பார்த்தார்கள்.

சோதனைகளின் சராசரியில், உள்ளே போன ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒத்துப்போயின. உயிருள்ள உடம்புக்கென்று தனி இயற்பியல் இல்லை, ஆற்றல் அழிவின்மை விதி மனிதனுக்கும் பொருந்தும் என்பதற்கு அது அழுத்தமான சான்று. சாராயமும் உடம்பில் எரிந்து ஆற்றல் தருகிறது என்று அதே அறையில் கண்டு சொன்னதற்காக அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்தாரிடம் அட்வாட்டர் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

நமக்கு வேண்டிய மூன்று எண்கள் கழிவுக் கணக்கிலிருந்து வந்தவை. கலப்பு உணவு சாப்பிட்டவர்களின் மலத்தைப் பார்த்தால், புரதத்தில் சுமார் 92 சதவீதமும் கொழுப்பில் 95 சதவீதமும் மாவுச்சத்தில் 97 சதவீதமும் உடம்பில் சேர்கின்றன. புரதத்துக்கு இன்னொரு கழிவும் உண்டு. அதன் நைட்ரஜனை உடம்பால் எரிக்க முடியாது. யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். யூரியாவைக் கலோரிமீட்டரில் போட்டால் இன்னும் எரியும். அதாவது கிராமுக்குச் சுமார் 1.25 கிலோகலோரி அப்படியே வெளியேறுகிறது. இனி கணக்கைப் போடுங்கள். 5.65-லிருந்து 1.25 போக 4.4, அதில் 92 சதவீதம் 4.05. கொழுப்பு 9.4-ல் 95 சதவீதம் 8.93. மாவுச்சத்து 4.15-ல் 97 சதவீதம் 4.03. முழு எண்ணாக்கினால் 4, 9, 4.

‘கலப்பு உணவு’ என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பலதும் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சராசரி நன்றாகவே பொருந்தும். தனி ஒரு பண்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, அட்வாட்டரும் அதை அறிந்தவர்தான். நல்ல எடுத்துக்காட்டு வேர்க்கடலை. 1980-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கொழுப்புக்கு ஆதாரமாக முழு வேர்க்கடலை, அரைத்த வேர்க்கடலை விழுது, கடலை எண்ணெய் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணெயாகக் கொடுத்தபோது கொழுப்பில் ஏறக்குறைய 4.5 சதவீதம் மலத்தில் போனது, விழுதுக்கு 7, முழுக் கடலைக்கு 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கடலையின் எண்ணெய் செல்சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பல்லில் உடையாத செல்களை நம் குடலாலும் உடைக்க முடியாது. 2012-ல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தினர் பாதாம் பருப்பைச் சோதித்தபோது, 28 கிராமில் உடம்புக்குக் கிடைத்தது 129 கிலோகலோரி மட்டுமே. அட்வாட்டர் எண்கள் அதை 32 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தன. பிற்பாடு அதே பாதாமை வெண்ணெய் போல அரைத்துக் கொடுத்தபோது, அட்வாட்டர் கணக்கோடு வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. அரைவை இயந்திரம் செய்யும் வேலை எந்த அட்டையிலும் ஏறுவதில்லை.

நார்ச்சத்தும் இப்படித்தான். சிறுகுடலில் அது செரிக்காது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துத் தரும் சிறு கொழுப்பு அமிலங்களை நாம் உறிஞ்சிக்கொள்கிறோம். அதனால் நார்ச்சத்துக்குக் கிராமுக்கு 2 என்று தனி எண் வைத்திருக்கிறார்கள். வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, செரிமானத்துக்கு எளிதில் பிடிகொடுக்காத வடிவுக்குப் போகும். பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் அதிசயங்களுக்கு அந்தப் பகுதி போதாது, ஆனால் விஷயம் உண்மை. செரித்து, உறிஞ்சி, பிரித்துச் சேர்க்க உடம்பே செலவழிக்கும் ஆற்றல் வேறு இருக்கிறது: புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் இதற்கே போய்விடும், மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு அதிகபட்சம் 3. 4-4-9 இந்தச் செலவைக் கழிப்பதில்லை. அமெரிக்க விதிப்படி, பாக்கெட்டில் அச்சிட்டதைவிட உண்மைக் கலோரி 20 சதவீதம் வரை கூடியிருந்தாலும் குற்றமில்லை.

இனி வீட்டுப்பாடத்துக்கு வருவோம். அமெரிக்கப் பாடத்தில் சேர்ந்தால் அவர்கள் செயலியில் இட்லி கிடைக்கும், ஆனால் யார் வீட்டு இட்லி என்று தெரியாது. இந்திய உணவுகளுக்கு நம்பகமான அட்டவணை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டது. 2017 பதிப்பில் 528 உணவுப் பொருள்கள். இந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பிரிவு அது. 1958-ல்தான் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். 100 கிராம் சமைக்காத அரிசிக்குச் சுமார் 350 கிலோகலோரி. அது தண்ணீரைக் குடித்துச் சோறாகும்போது இரண்டரை, மூன்று மடங்கு எடை ஏறிவிடும். 100 கிராம் சோற்றுக்கு 130 போலத்தான் வரும். தட்டில் இருந்த 300 கிராம் சோற்றை ‘அரிசி’ என்ற வரிசையில் ஏற்றினால் 400 கிலோகலோரிக்குப் பதில் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும். அட்வாட்டரின் சராசரி, ஜெல்டாலின் பெருக்கு எண், உடையாத பாதாம் செல் எல்லாம் சேர்ந்து செய்யும் பிழைகூட இதன் பக்கத்தில் வராது. அதனால் குடும்பத்துக்குப் போடும் அரிசியைக் களைவதற்கு முன்பே எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள், வெந்த பிறகு மொத்தச் சோற்றையும் ஒரு தடவை நிறுத்து, உங்கள் தட்டுக்கு எத்தனையில் ஒரு பங்கு வந்தது என்று பாருங்கள்.