ரெஃபரல் யாருக்குப் போகிறது?

கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் பல வருடங்களாக இருக்கிறேன். கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் நம்மவர்கள் நிறையவே உண்டு. அதனால் நிறப் பாகுபாடு என்று பேச்செடுத்தாலே, "அப்படியிருந்தால் நாமெல்லாம் எப்படி உள்ளே வந்தோம்?" என்று யாராவது கேட்டுவிடுவார். சரி, நாம் வந்துவிட்டோம். கறுப்பினத்தவர் எங்கே?

2014-இல் கூகுள் முதல்முறையாகத் தன் ஊழியர்களின் இனவாரிக் கணக்கை வெளியிட்டது. தொழில்நுட்பப் பணிகளில் ஆசியர்கள் 34 சதவீதம், கறுப்பினத்தவர் 1 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். "படித்தவர்கள் கிடைப்பதில்லை" என்பது வழக்கமான பதில். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்பவருக்கு வசதியான பதில்.

பெயரிலேயே பாதி முடிந்துவிடுகிறது. மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் (ஆமாம், நம்ம பக்கத்துப் பெயர்தான்) பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு வந்த அழைப்புகள், லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தவர் பெயர்களுக்கு வந்ததைவிட 50 சதவீதம் அதிகம். அவை ஐடி வேலைகள் அல்ல. ஆனாலும் ரெஸ்யூமேயை மேய்கிற கண் எல்லாத் துறையிலும் ஒன்றுதான்.

ஐடியில் இதைவிடப் பெரிய வடிகட்டி ரெஃபரல், அதாவது உள்ளே வேலை பார்ப்பவர் தனக்குத் தெரிந்தவரைச் சிபாரிசு செய்வது. "மச்சான், எங்க டீம்ல ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூமே அனுப்பு" என்று காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டால், சாயங்காலத்துக்குள் நாலு பேர் அனுப்பிவிடுவார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆள் சேர்ந்தால் கம்பெனி போனஸும் தருகிறது. வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த கறுப்பின இளைஞர் அந்தக் குரூப்பில் இல்லை, அவ்வளவுதான்.

அதையும் தாண்டி இன்டர்வியூ வரை வந்தவரைப் பற்றிக் குழு கூடிப் பேசும்போது, "நல்லாத்தான் பண்ணினார், ஆனா டீமுக்கு செட் ஆவாரான்னு தெரியலை" என்று ஒரு குரல் வரும். மூத்தவர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் மதிப்பெண்ணும் மெல்லச் சரியும். எங்கள் குழுவில் இப்போது எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான். மதிப்பெண்ணையும் காரணத்தையும் எழுதிப் பதிந்த பிறகுதான் பேச்சு. "செட் ஆகாது" என்பவர், எந்தக் கேள்விக்கு வந்த எந்தப் பதிலை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் காட்ட எதுவும் இருப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும், பாகுபாடு பற்றிய பயிற்சி வீடியோவைவிட இது எவ்வளவோ மேல்.

நமக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். யாரைப் பற்றிய சட்டம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வேலையில் சேர்ந்த பிறகும் பாருங்கள். மீட்டிங் குறிப்பு எழுதுவது, ராத்திரி ஆன்-கால் (கோளாறு வந்தால் எழுந்து பார்க்கும் பொறுப்பு), பழைய புரோகிராம்களைத் துடைப்பது எல்லாம் யார் தலையில் விழுகிறது? புது டிசைன் யார் கைக்குப் போகிறது? மேனேஜராக இருந்தால், அடுத்த அப்ரைசலில் ரேட்டிங் போடுவதற்கு முன் இந்த இரண்டு பட்டியலையும் பெயரோடு எழுதிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.