சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

ஆப்பிளின் சஃபாரி உலாவியை இயக்கும் பொறியான வெப்கிட்டில், மூல நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் பில்ட் ஸ்கிரிப்டின் இரண்டு மூன்று வரிகளை மட்டும் மாற்றும் ஒரு திருத்தத்தை அனுபவசாலிகள் ஏன் அவ்வளவு நுணுகிப் பார்க்கிறார்கள் என்று கணினி படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார். மாற்றமும் பெரிதாக ஒன்றுமில்லை, ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைச் சுருக்கும் படிதான். ஆனால் அந்தப் பொறியில் எனக்கு மிகப் பிடித்த மூலை அதுதான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்கிட்டின் பெரும்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டது. ஆனால் பக்கங்களைச் சோதிக்க உதவும் இன்ஸ்பெக்டரின் சில பகுதிகள் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கின்றன. பொறியைக் கட்டும்போது ஒரு பைத்தான் நிரல் அந்தக் கோப்புகளிலிருந்து குறிப்புரைகளையும் தேவையற்ற இடைவெளிகளையும் நீக்குகிறது. அடுத்து ஒரு பெர்ல் நிரல் மிச்சமிருக்கும் எழுத்துகளை எண்களாக மாற்றி, சி++ அணிவரிசையாக ஒரு தலைப்புக் கோப்பில் எழுதுகிறது. அது கம்பைல் ஆகிப் பொறியின் உடலோடு சேர்ந்துவிடுகிறது. சுருக்காவிட்டால், நிரலாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட விளக்கங்களெல்லாம் சஃபாரி வைத்திருக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் போய் உட்கார்ந்திருக்கும்.

சுருக்கும் நிரலின் பெயர் ஜேஎஸ்மின். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2000-களின் தொடக்கத்தில் சி மொழியில் எழுதியதன் வழிவந்தது. (அவருடைய மூல உரிமத்தில் ‘நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்று ஒரு வரி உண்டு. அந்த நிபந்தனையைக் கொண்ட உரிமத்தைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கட்டற்றதாக ஏற்கவில்லை. நல்லெண்ணம் வழக்கறிஞர்களைப் படுத்தும் பாடு!)

இந்த நிரலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது. மாறி எது, கட்டளை எது என்று அதற்குப் புரியாது. கையில் இருக்கும் எழுத்து ஒன்று, அடுத்து வரும் எழுத்து ஒன்று, அவ்வளவுதான் அதன் உலகம். இரண்டு பக்கமும் எழுத்தோ எண்ணோ இருந்தால் நடுவில் உள்ள இடைவெளியை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும். ஆங்கில விசைப்பலகையின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அப்பாற்பட்ட குறியீடுகள் எல்லாவற்றையும் எழுத்தென்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘விலை’ என்று தமிழிலேயே மாறிக்குப் பெயர் வைத்தாலும் (ஜாவாஸ்கிரிப்ட் அதை அனுமதிக்கிறது) உங்கள் நிரல் சிதையாது.

சிக்கல் சாய்கோட்டில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் / என்ற குறி வகுத்தலாக இருக்கலாம், குறிப்புரையின் தொடக்கமாக இருக்கலாம், ரெகுலர் எக்ஸ்பிரஷனின் (உரைக்குள் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் கோவை) தொடக்கமாகவும் இருக்கலாம். இன்னொரு சாய்கோடோ உடுக்குறியோ (*) ஒட்டி வந்தால் குறிப்புரை. மற்ற இரண்டையும் பிரிக்க ஜேஎஸ்மின் பின்னால் திரும்பிப் பார்க்கிறது. முன்னால் இருப்பது சமக்குறி, காற்புள்ளி, திறக்கும் அடைப்புக்குறி போன்றவை என்றால், அங்கே வகுப்பதற்கு எதுவும் இல்லை. எனவே ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான். எவ்வளவு எளிய தர்க்கம்! முழு இலக்கணம் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை எழுத்தை வைத்தே பெரும்பாலும் சரியாகச் செய்துவிடுகிறது.

பெரும்பாலும் என்றேன். முன்னால் இருப்பது மூடும் அடைப்புக்குறி என்றால்? (அ + ஆ) / 2 என்பதில் அது வகுத்தல். ஆனால் ஓர் ‘இஃப்’ நிபந்தனையின் அடைப்புக்குறி மூடியவுடன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொடங்குவதும் செல்லுபடியாகும் நிரலே. ஜேஎஸ்மின் இரண்டையும் வகுத்தல் என்றே கொள்கிறது. அந்த இடத்தில் /'/ இருந்தால், மேற்கோளைச் சரத்தின் (மேற்கோளுக்குள் எழுதும் உரை) தொடக்கமாக எண்ணி மூடும் மேற்கோளைத் தேடி ஓடும். அது கிடைக்காமல் பிழை காட்டி நின்றால் நம் அதிர்ஷ்டம். /\. / என்று இருந்தால் நிலைமை மோசம். புள்ளிக்குப் பின் இடைவெளி வரும் இடத்தை, அதாவது வாக்கிய முடிவைத் தேடும் கோவை அது. இடைவெளி பறிபோய் /\./ ஆகிவிட்டால் 3.14-இல் உள்ள புள்ளியிலும் பொருந்தும். பில்ட் வெற்றி என்று பச்சை விளக்கு எரியும்.

கூட்டல் குறியிலும் இதே கதைதான். ++ என்பது மதிப்பில் ஒன்றைக் கூட்டும்; பெயருக்கு முன்னால் வந்தால் கூட்டிய மதிப்பையும், பின்னால் வந்தால் கூட்டுவதற்கு முந்தைய மதிப்பையும் தரும். அ + ++ஆ என்பதில் இரண்டின் மதிப்பும் 1 என்றால் விடை 3. இடைவெளிகளை எடுத்துவிட்டால் அ+++ஆ. அதைப் பொறி (அ++) + ஆ என்று படிக்கும், விடை 2. அடைப்புக்குறி போட்டு எழுதுங்கள் என்று கிராக்ஃபோர்டே எச்சரித்திருந்தார். 2015-இல் மொழிக்குள் வந்த சாய்மேற்கோள் (`) சரங்கள் இன்னொரு கண்ணி. அவற்றை அறியாத பழைய சுருக்கி, அத்தகைய சரத்துக்குள் ஓர் இணைய முகவரி வந்தால், இரட்டைச் சாய்கோட்டைக் கண்டதும் வரியின் மிச்சத்தையெல்லாம் குறிப்புரை என்று வெட்டிவிடும்.

இலக்கணம் முழுதும் தெரிந்த சுருக்கியைப் பயன்படுத்தினால் என்ன? உலகின் மிகச் சிறந்த ஜாவாஸ்கிரிப்ட் பகுப்பிகளில் (நிரலை இலக்கணப்படி பிரித்துப் படிப்பவை) ஒன்று வெப்கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இந்தப் படி ஓடும் நேரத்தில் அது இன்னும் பிறக்கவில்லை. அதைக் கட்டுவதற்குத்தான் இந்தப் படியே. வெளியிலிருந்து பெரிய கருவியைக் கொண்டுவந்தால், பொறியைக் கட்டும் ஒவ்வொரு கணினியிலும் அதை நிறுவ வேண்டும். பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது. எனவே அரைகுறை அறிவுள்ள ஜேஎஸ்மினையே வைத்துக்கொண்டு, மீதி அறிவை, திருத்தத்தைச் சரிபார்க்கும் மறுஆய்வாளர் தருகிறார்.

அவர் கண் முதலில் போக வேண்டிய இடம் கட்டளைகளின் வரிசை. இன்ஸ்பெக்டர் பக்கத்துக்குள் செலுத்தும் ஸ்கிரிப்டின் தலையில், அதன் பெயரைச் சொல்லும் ஒற்றை வரி இருக்கிறது. இது பொறியின் சொந்த ஸ்கிரிப்ட் என்று இன்ஸ்பெக்டர் அடையாளம் காண்பது அதைக் கொண்டுதான். தோற்றத்தில் அந்த வரி வெறும் குறிப்புரை. அதனால் வெளியீட்டுக் கோப்பில் முதலில் அதை எழுதிவிட்டு, சுருக்கிய நிரலை அதன் பின்னால் சேர்க்கிறார்கள். அழகுபடுத்துகிறேன் என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சுருக்கியின் வழியே அனுப்பினால், பெயர் காணாமல் போகும்.

அடுத்தது, எந்த வெளியீடு எந்தக் கோப்புகளைச் சார்ந்தது என்று சொல்லும் சார்புப் பட்டியல். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ (make) என்ற பில்ட் கருவி, கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை மட்டுமே ஒப்பிடும். வெளியீட்டைவிட உள்ளீடு புதிதாக இருந்தால்தான் மீண்டும் உருவாக்கும். உள்ளீட்டுப் பட்டியலில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்போடு சுருக்கியின் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருக்கியைத் திருத்தியவரின் கணினியில் பழைய வெளியீடே நீடிக்கும், புதிதாகக் கட்டுகிறவரிடம் மட்டும் வேறொன்று உருவாகும். நம் அலுவலகங்களில் ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்து பார்’ என்று சொல்லும் பரிகாரம் இங்கிருந்துதான் முளைக்கிறது. பலிக்கும்தான். ஏன் பலித்தது என்று கேட்காதவரை அதுவும் எலுமிச்சம்பழம் கட்டுவது போலத்தான். நம் கல்லூரிகள் கம்பைலர் பாடத்தைத் தேற்றங்களோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு. இப்படிப்பட்ட ஒரு திருத்தத்தை வகுப்பில் வைத்து வரிவரியாகப் படித்தால் ஒரு பருவத்துக்கே போதும்.

அந்த மாணவிக்கு ஒரு வேலை. வெப்கிட்டின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் சுருக்கியை ஓட்டி, இரண்டு வெளியீடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் காரணம் சொல்ல முடிந்தால் அந்தத் திருத்தத்தை ஏற்கலாம்.