கண்ணாடித் தாள் எல்லாம் அசிடேட் அல்ல

நேற்று இன்னொரு படம் வந்தது. என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் தோழியின் திருமணத்துக்காகச் செய்த வாழ்த்து அட்டை. நடுவில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்க வேண்டிய இடத்தில் சுருண்டு கிடக்கிறது ஒரு பிளாஸ்டிக் கட்டி. பக்கத்திலேயே அவருடைய கட்டைவிரல், கொப்புளத்துடன். "அசிடேட்தான் பயன்படுத்தினேன், மேடம்" என்று எழுதியிருந்தார். விசாரித்தால், சட்டைப் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டி எடுத்த தாளாம்.

இந்த ஆண்டில் எனக்கு வந்த ஐந்தாவது படம் இது. வகுப்பில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியாவது வைக்கிறேன். வண்ணக் கண்ணாடி போலத் தோன்றும் அட்டைக்கு, அசிடேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டும் மையால் கோடு போட்டு, சூட்டில் உருகி மேலெழும் எம்பாசிங் பவுடரைத் தூவி, சூடான காற்று வீசும் ஹீட் கன்னால் உருக்குவோம். பிறகு பின்புறம் வண்ணம் தீட்டுவோம். சூட்டைத் தாங்காத தாள் என்றால் எல்லாம் கெட்டது.

நம் பேச்சில் ஒளி ஊடுருவும் தாள் எதுவானாலும் 'கண்ணாடித் தாள்'தான். வினை அங்கேயே தொடங்குகிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சூடு பட்டால்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். பூங்கொத்து சுற்றும் தாள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அது ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஹீட் கன்னின் காற்றோ 200 டிகிரியைத் தாண்டும். லேமினேஷன் உறையின் உட்புறத்தில் சூட்டுக்கு இளகும் பசை இருக்கிறது; பவுடரோடு சேர்ந்து குழம்பிப்போகும். பொட்டல மூடிகள் சூடாக்கி அச்சில் இழுத்து வடித்தவை. மறுபடி சூடு பட்டால், இழுத்ததெல்லாம் சுருங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசமானது பிவிசி என்ற பிளாஸ்டிக். அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறக்கூடும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அமில வாயு அது. "கொஞ்சம் நாற்றம்தானே, சன்னலைத் திறந்தால் போகிறது" என்று என்னிடமே ஒருவர் வாதிட்டார். சன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அதை நம்பி பிவிசியைச் சூடாக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அசிடேட் என்ற பெயரில் விற்பவற்றிலும் பல உண்மையில் பாலியெஸ்டர். அதில் குற்றமில்லை, நன்றாகவே வேலை செய்யும் வகைகள் உண்டு. எனவே பெயரைப் பார்த்து ஏமாறாமல், வெப்பம் தாங்கும் என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையா? சூடாக்க வேண்டாம். எழுதியிருந்தாலும் புதிய கட்டு வாங்கும்போதெல்லாம் ஓர் ஓரத்தை வெட்டி, இடுக்கியில் பிடித்துச் சூடு காட்டிச் சோதியுங்கள். இலேசான நெளிவு வரலாம். சுருண்டாலோ வெளுத்தாலோ அந்தக் கட்டை ஒதுக்கிவிடுங்கள்.

வேலை முறை மேலே சொன்னதுதான். பவுடர் தூவுமுன் தாளை ஆன்டி-ஸ்டேட்டிக் பையால் (பவுடர் கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பொடி நிறைந்த சிறு பை) ஒற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் கைரேகை பட்ட இடமெல்லாம் பவுடர் ஒட்டி நிற்கும். உண்மையான வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் துண்டுகளை இணைப்பது ஈயப் பட்டை. நம் அட்டையில் அந்த வேலையைச் செய்வது உருகி மேலெழும் பவுடர் கோடு. அது உடையாமல் இருந்தால்தான் வண்ணம் எல்லைக்குள் நிற்பதுபோலத் தோன்றும்.

தாளை விரலால் பிடிக்காதீர்கள். இடுக்கியோ மரக் கிளிப்போ போதும். ஹீட் கன்னைத் தள்ளிவைத்து முதலில் சூடேற்றிக்கொண்டு பிறகு தாளருகே கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். பவுடர் மினுங்கியதும் விலக்குங்கள். இன்னும் கொஞ்சம் என்ற ஆசையில்தான் தாள் நெளிகிறது. முடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது: சூடு போதாது, பவுடரும் பறக்கும். சுவர் வண்ணம் உரிக்கும் பெரிய ஹீட் கன்னோ 500 டிகிரிக்கு மேலும் போகும். அதுவும் வேண்டாம்.

ஆல்கஹால் மையைப் பின்புறம் தீட்டுவது எல்லாச் சூட்டு வேலையும் முடிந்து, கருவி ஆறிய பிறகுதான். அதில் பெரும்பாலும் இருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி, தீப்பொறியோ கடும் சூடோ பட்டால் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். திறந்த மைப் புட்டிக்குப் பக்கத்தில் ஹீட் கன்னை இயக்கியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூடியைத் திருகி மூட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

உருகிய பவுடர் தோலில் ஒட்டிவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி கூடாது, பற்பசை கூடவே கூடாது. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும், மருத்துவர் எடுப்பார். அந்த மாணவி பற்பசைதான் தடவியிருந்தார்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஹீட் கன்னை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். கோடுகளை நீங்கள் உருக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். பின்புறம் வண்ணம் நிரப்பும் வேலை அவர்களுடையதாக இருக்கட்டும்.