காலி டேங்க்தான் வெடிக்கும்

இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். வலது முன்கையில் கட்டோடு வந்த தம்பி, சாக்குப் பையிலிருந்து எடுத்து வைத்தது ஆர்எக்ஸ் 100 பைக்கின் பெட்ரோல் டேங்க். அடித்தையல் முழுக்கப் பிளந்து, வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. ஊசிமுனை ஓட்டை ஒன்றை அடைக்க கேஸ் வெல்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார். "முந்தின நாளே பெட்ரோலை இறக்கி வெயிலில் காய வெச்சேண்ணே, சொட்டுகூட இல்லை" என்கிறார்.

சொட்டு இல்லாததுதான் வினையே! எரிவது பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே தீப்பொறிக்குப் போதும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு, காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கத் தோதாகக் கலந்து நிற்கும். மூடியைத் திறந்து வைத்தால் போய்விடும் என்கிறீர்கள், அது காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். வாசம் வரவில்லை என்பதும் கணக்கில்லை, துருப் பொருக்கிலும் தையல் மடிப்பிலும் ஊறியிருக்கும் பெட்ரோல் சூடு பட்டதும் வெளியே வரும். டேங்க் வேலை தெரிந்தவர் சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பற்றவைப்பார். அப்படிச் செய்யாதவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஊசி ஓட்டைக்கு வெல்டிங்கே தேவையில்லை. அடியில் தேங்கும் தண்ணீர்தான் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ஓட்டாமல் போட்டு வைத்த வண்டியில் இன்னும் மோசம். வெளியே புட்டிப் பசையை அப்பினால் பக்கத்தில் இன்னொன்று பொத்துக்கொள்ளும்.

உள்ளே துருவை எடுத்துப் பூச்சு போடுவதுதான் வழி. பெட்ரோலைத் திறந்து மூடும் காக் குழாயைக் கழற்றித் துவாரத்தை அடையுங்கள். துரு உதிர, நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கி, எண்ணியே வெளியே எடுங்கள். அப்புறம் சிட்ரிக் ஆசிட், வெந்நீரில் லிட்டருக்கு 50 கிராம், ஒரு இரவு. வாயு கிளம்பும், மூடியை இறுக்க வேண்டாம். தயவுசெய்து கழிவறை ஆசிட் மட்டும் வேண்டாம், அது துருவோடு தகட்டையும் தின்றுவிடும். சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, கையோடு காய வையுங்கள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி ஆரஞ்சுத் துரு பூத்துவிடும்.

உள்ளே துளி ஈரமில்லாமல் காய்ந்த பிறகே டேங்குக்கான எபாக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) பூச்சை ஊற்றி எல்லா மூலைக்கும் உருட்டி, மிச்சத்தை வடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்குக்கு விடுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே பெட்ரோல் ஊற்றினால் பூச்சு தோல் தோலாக உரிந்து கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில்தான் வந்து நிற்கும்.