ஆற்றுக்கு எத்தனை அகலம் வேண்டும்?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கத்துத் தோட்டப்புற ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு)ப் பின்னால், ஆற்றோரமாக இருக்கும் பழைய செம்பனைக் காட்டை வீடமைப்புக்கு என்று குறித்து வைத்திருந்தார்கள். இப்போது அதைத் திறந்தவெளியாக மாற்றப் போகிறார்களாம். சும்மா கிடக்கிற நிலத்தை இன்னும் சும்மா போட்டு வைத்தால் வெள்ளம் எப்படிக் குறையும்? அந்தக் காசில் ஆற்றை ஆழப்படுத்தினால் போதாதா?”

குறையாது ஐயா. இப்போது வருகிற வெள்ளம் ஓர் அங்குலம்கூடக் குறையாது. அங்கே மண்ணைக் கொட்டி வீடு கட்டினால் ஏறப்போகிற வெள்ளம் ஏறாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பெரியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை, நிறைந்த மண், ஓடையாகும் சாலை, இதெல்லாம் பள்ளியிலேயே படித்தது. சிகாமட் 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் நேரிலேயே படித்தது. நான் சொல்ல வருவது வேறு. ஆறு தனக்கென்று வெட்டிக்கொள்ளும் பள்ளம் பெரும்பாலும் சின்ன வெள்ளத்துக்கு மட்டுமே போதும். சராசரியாக ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை கரை முட்டும். அதற்கு மேல் வருவது கரையைத் தாண்டி இரு பக்கச் சமவெளியில் ஓடும். அந்தச் சமவெளியும் ஆறுதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்திருப்பதால் நாம் அதை நிலம் என்று பட்டா போட்டுவிடுகிறோம்.

இதிலும் இரண்டு வகை உண்டு. வெள்ளம் வடிந்த மறுநாள் செம்பனைக் காட்டுக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். ஆற்றை ஒட்டிய பட்டையில் புல்லெல்லாம் ஒரே திசையில், கீழாற்றுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கும். மரங்களின் மேலாற்றுப் பக்கத்தில் மட்டும், வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை இடுக்குகளில் பிளாஸ்டிக் பையும் ஒற்றைச் சிலிப்பரும் சொருகியிருக்கும். இன்னும் உள்ளே போனால் புல் நிமிர்ந்தே நிற்கும். இலைமேல் மெல்லிய சேறு, தரையில் வெடிக்கத் தொடங்கிய களிப்படலம். முதல் பட்டையில் தண்ணீர் ஓடியிருக்கிறது, இரண்டாவதில் நின்றிருக்கிறது. ஓடிய இடம் வெள்ளப்பாதை. நின்ற இடம் வெள்ள விளிம்பு. விளிம்பில் வீடு கட்டினால் வெள்ளம் தங்கும் இடம் குறைகிறது, அது ஒரு நஷ்டம். பாதையில் கட்டினால் ஆறு போகிற வழியே குறைகிறது.

வழி குறைந்தால் தண்ணீர் எவ்வளவு ஏறும்? எனக்கு மிகவும் பிடித்த சூத்திரம் இங்கேதான் வருகிறது. 1889இல் இதை முன்வைத்த ராபர்ட் மேனிங் அயர்லாந்துக்காரர். பொறியியலை முறையாகப் படித்தவரல்ல, கணக்கு எழுதும் வேலையிலிருந்து வந்தவர். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் ஒரு கிராணி. அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இன்றும் உலகத்தில் வாய்க்கால் கணக்குப் போடுகிற முக்கால்வாசிப் பேர் அவர் சூத்திரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

அதில் வருவது மூன்றே மூன்று: சரிவு, சொரசொரப்பு, ஆழம். தண்ணீரைக் கீழே இழுப்பது சரிவு. தரை உரசி உரசி அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் தடுப்புக் கம்பியை ஒட்டி நடப்பவர் ஊர்ந்துதான் போகமுடியும், நடுவில் போகிறவர் நிற்க நினைத்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் இல்லையா, அதுபோல் தரையை ஒட்டிய தண்ணீர் தயங்கும், மேலே உள்ளது வேகமாகப் போகும். ஆழம் கூடக்கூட, தரையை உரசுகிற பங்கு குறைகிறது. அதனால் அகலமான சமவெளியில் ஆழம் இரண்டு மடங்கானால் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்கோடு நிற்காது, மூன்று மடங்குக்கும் கொஞ்சம் மேலே போகும். ஆழத்தின் 5/3 அடுக்கு என்று கணக்கில் எழுதுவோம்.

சரி, எண்களைப் போடுவோம். 100 மீட்டர் அகலச் சமவெளி, அதில் 1 மீட்டர் ஆழத் தண்ணீர், 2,000 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் சரிவு, தரையில் குட்டைப் புல். சூத்திரம் சொல்வது, விநாடிக்கு ஏறத்தாழ 64 கன மீட்டர். அதாவது 64,000 லிட்டர். இப்போது பாதி அகலத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கி, 50 மீட்டர் மட்டும் விட்டுவைக்கிறார்கள். மேலே பெய்த மழை குறையப்போவதில்லை, அதே 64 கன மீட்டர் வந்தே தீரும். அது போக வேண்டுமானால் ஆழம் 1.5 மீட்டராக வேண்டும். அரை மீட்டர் கூடுதல். அந்த அரை மீட்டர் மண் கொட்டியவர் வீட்டுக்குள் வராது, அவர்தான் மேட்டில் இருக்கிறாரே. எதிர்க்கரைக் கம்பத்துக்கும் (கிராமத்துக்கும்) மேலாற்றில் உள்ள பழைய லயத்து வீடுகளுக்கும் போய்ச் சேரும். (உண்மையில் ஆற்றின் நடுப்பள்ளமும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அதனால் ஏற்றம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். திசை மட்டும் மாறாது.)

இதே கணக்கில் இன்னொரு வேடிக்கை. யாரும் ஒரு கூடை மண்கூடக் கொட்டவில்லை, ஆனால் புல்வெளியை அப்படியே விட்டு அடர்ந்த புதர் மண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பு மூன்று மடங்கு ஆகும். 1 மீட்டர் ஆழத்தில் ஓடுவது 21 கன மீட்டர்தான். பழைய 64 போக வேண்டுமானால் ஆழம் ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு ஏற வேண்டும். பாதி நிலத்தைத் தூர்த்ததைவிட மோசம்! ஆகவே வாசகர் நினைப்பதுபோல் சும்மா போட்டு வைப்பதற்கு நானும் எதிரிதான். திறந்தவெளி என்றால் புல் வெட்ட ஆள் வேண்டும். பந்து விளையாடும் பாடாங்காக (திடலாக) இருக்கலாம், காய்கறிப் பாத்தியாக இருக்கலாம். நம்மவர்கள் ஓட்டிவரும் மாடுகள் மேய்ந்தால் மேனிங்குக்குப் பெரிய உபகாரம். இரண்டு நாள் முழுகிக் கிடந்தாலும் பாடாங்குக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒன்றை மட்டும் செய்யக்கூடாது, ஓட்டத்துக்குக் குறுக்கே பிஆர்சி கம்பிவலை வேலி. முதல் அரைமணி நேரத்தில் மட்டையும் குப்பையும் கம்பிக் கண்களை அடைத்துவிடும். அப்புறம் அது வேலி இல்லை, அணை.

ஆழம்தான் இத்தனை வேலை செய்கிறது என்றால் ஆற்றைத் தோண்டுவதுதானே கெட்டிக்காரத்தனம்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 5/3 அடுக்கு, சரிவும் கூடவே இருந்தால்தான் பலிக்கும். சிகாமட் ஆறு போய் விழுவது மூவார் ஆற்றில். மூவார் ஏறி நிற்கும்போது இங்கே எவ்வளவு தோண்டினாலும் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் ஏற்கெனவே நிற்கும், ஓடாது. சில பருவமழைக்குள் வண்டலும் பள்ளத்தை மூடிவிடும், மறுபடி டெண்டர் விடவேண்டும். டச்சுக்காரர்கள் இதற்கு நேரெதிராகச் செய்தார்கள். நைமேகன் நகரத்துக்கு எதிரே வால் ஆற்றின் கரையணையை 350 மீட்டர் உள்ளே தள்ளிவைத்து, ஆற்றுக்குப் பக்கவாட்டில் இன்னொரு கால்வாயும் வெட்டினார்கள். சுமார் 50 வீடுகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. பெருவெள்ளத்தில் நீர்மட்டம் 35 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. கட்டிய பிறகு அகலப்படுத்தினால் ஆகும் செலவு இது. கட்டுவதற்கு முன் என்றால் எந்த நிலம் எதற்கு என்று காட்டும் வரைபடத்தில் நிறம் மாற்றினால் போதும்.

எத்தனை அகலம் விடவேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தைக் கணினியில் ஓடவிடுவார்கள். பிறகு இரு பக்கமிருந்தும் கற்பனைச் சுவர்களை நெருக்கிக்கொண்டே வருவார்கள். நீர்மட்டம் 1 அடி, அதாவது 30 சென்டிமீட்டர், ஏறும் இடத்தில் நிறுத்துவார்கள். சுவர்களுக்கு நடுவே மிஞ்சியதுதான் வெள்ளப்பாதை, அதில் மறிக்கிற எதையும் கட்டமுடியாது. விஸ்கான்சின் மாநிலத்துக்கு அந்த 1 அடிகூடப் பொறுக்கவில்லை. அங்கே 0.01 அடி, சுமார் 3 மில்லிமீட்டர். என் ஓட்டு விஸ்கான்சினுக்கு. அந்த 1 சதவீதத்தையும் அலட்சியமாக எண்ணவேண்டாம். 30 வருஷ வீட்டுக் கடனை அடைத்து முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு.

நம் நாட்டில் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் ஆற்று ரிசர்வ், அதாவது கரையோரம் ஒதுக்கி வைக்கும் பட்டை, உண்டு. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர், 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர் என்று ஆற்றின் அகலத்தை வைத்து அளக்கிறார்கள். தட்டையான நிலத்தில் வெள்ளப்பாதை அதற்கு வெளியே வெகுதூரம் போகும். அங்கே கைகொடுப்பது, நிலப் பயன்பாட்டை நிறம் பிரித்துக் காட்டும் உள்ளூர்த் திட்டம்தான். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, திட்டத்துக்கு முரணான கட்டுமானத்துக்கு உள்ளூராட்சி மன்றம் அனுமதி தரக்கூடாது. வீடமைப்பு நிறத்தில் இருக்கும் நிலத்துக்கு அனுமதி மறுத்தால் மேம்பாட்டாளர் மேல்முறையீட்டுக்குப் போவார். திறந்தவெளி என்று மாற்றிவிட்டால் அவர் காலுக்குக் கீழே நிலமே இல்லை.

ஓர் ஊரில் வெள்ளம் வந்ததும், ஆற்றங்கரை முனியாண்டி கோவிலை இடம் மாற்றியதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். கோவிலைப் பெயர்த்த அதே மண்வாரி இயந்திரம்தான் அந்த இடத்தை எட்டு அடிக்கு மேடாக்கியது. முனிக்குக் கோபம் வந்ததோ என்னவோ, மேனிங்குக்கு வந்துவிட்டது.

கோபம் எனக்கும் உண்டு. வெள்ளச் சுவர் கட்டினால் திறப்புவிழா, கல்வெட்டு, மாலை எல்லாம் நடக்கும். பாலத்தில் நின்று ஓட்டம் அளக்கிற கருவிக்கும், லேசர் அலைகளால் நிலத்தின் ஏற்றத்தாழ்வை அளக்கும் விமான ஆய்வுக்கும் ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை. கற்பனைச் சுவர்களை எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்வதோ அந்த அளவுகள்தான். தோராயமாகக் கோடு கிழித்தால் நீதிமன்றத்தில் நிற்காது.

வாசகருக்கு இன்னொன்று. திட்ட மாற்றத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் தரவேண்டும். மன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். கோடு எந்த அளவு வெள்ளத்துக்குப் போட்டது, இன்றைய மழைக்கா, மேலாற்றுத் தோட்டங்கள் எல்லாம் தாமான் ஆன பிறகு வரும் வெள்ளத்துக்கா என்று கேளுங்கள். நிலச் சொந்தக்காரர் உங்கள் தெருக்காரராக இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். பொதுப் பயனுக்கு ஒதுக்கியதால் அனுமதி மறுக்கப்பட்டு, நிலத்தை வேறு உருப்படியாகப் பயன்படுத்தவும் முடியாமல் போனால், அதை வாங்கிக்கொள்ளும்படி நோட்டீஸ் கொடுக்க அதே சட்டத்தின் 37வது பிரிவில் வழி இருக்கிறது. அப்புறம், பாடாங்குக்கு வேலி போடுவதாக வரைபடத்தில் காட்டியிருந்தால், ஆற்றுக்கு இணையாகப் போடச் சொல்லி எழுதுங்கள்.